கூலரும் எதிர்மனுவும்

டெல்லி சட்டக் கல்லூரியில் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, முடி பின்வாங்கத் தொடங்கிய நெற்றி. பேராசிரியர் வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு கணம், உட்காருங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பின்னால் யாரோ இந்தியில் ஏதோ சொல்ல, வகுப்பு சிரித்தது.

வருகைப் பதிவில் கதிரவன் என்ற பெயரைக் கேட்டதும் பக்கத்திலிருந்த பெண் திரும்பினாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது.

"நீங்க தமிழா? நான் சுபாஷிணி. கரோல் பாக். அங்கிள், நீங்க ஏன் லா படிக்க வந்தீங்க?"

அங்கிள் என்ற சொல் அந்த வருடம் முழுக்க என்கூடவே வந்தது. இரண்டாம் ஆண்டில்தான் அவள் பெரிய மனது பண்ணி என்னைப் பையா, அதாவது இந்தியில் அண்ணன், ஆக்கினாள்.

ஏன் வந்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருந்தது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஃபரீதாபாத்தில் ஏ.சி. பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வால்வுகளோடு வாழ்ந்துகொண்டிருந்தேன். எங்கள் வால்வு தங்களுடையதைப் பார்த்துச் செய்தது என்று இன்னொரு கம்பெனி பேட்டன்ட் வழக்குப் போட்டது. எங்கள் பக்கம் வாதாட ஒரு பெரிய வக்கீல் வந்தார். அவருக்கு விஷயத்தை விளக்கும் வேலை எனக்கு. "இந்த வால்வு என்பது திறப்பதற்கா, மூடுவதற்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் போன பிறகு எங்கள் மேனேஜர் வாசல்வரை போய் அவருடைய காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

வால்வு தெரியாதவரே இவ்வளவு பெரிய வக்கீல் என்றால், வால்வு தெரிந்த நான் எவ்வளவு பெரிய வக்கீல் ஆவேன்? இன்ஜினியர்களுக்கு இந்த மாதிரிக் கணக்குகள் சுலபமாக வரும். வேலையை விட்டேன்.

என் மனைவி அகல்யா ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஆர்.கே.புரத்தில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான். கதவில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கும். நான் வேலையை விடப்போகிறேன் என்று சொன்னபோது அவள் ஆபீஸ் கோப்பு படிப்பதைப் போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"படிச்சா புரியுமுங்களா?" என்று கேட்டாள்.

"இன்ஜினியரிங்கே படிச்சிருக்கறேன். இது வெறும் இங்கிலீசுதான" என்றேன்.

அந்த வெறும் இங்கிலீசு முதல் பருவத்திலேயே என்னைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தது. ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு கேள்வி: இவர் இப்படிக் கடிதம் போட்டார், அவர் அப்படிப் பதில் போட்டார், ஒப்பந்தம் உண்டா? நான் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, உண்டு என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம் என்று ஒரு பக்கம் முழுக்க வரைந்து வைத்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்ததிலேயே அழகான படம் அது. திருத்தியவர் அதன் ஓரத்தில், "கடைசியில் என்ன சொல்கிறீர்கள்?" என்று மட்டும் எழுதியிருந்தார். ஒப்பேற்றும் மதிப்பெண் போட்டிருந்தார். சரித்திரம் படித்துவிட்டு வந்த சுபாஷிணி வகுப்பில் முதல்.

அந்த வருடம் மே மாதம் டெல்லி வழக்கம்போலக் கொதித்தது. போன மரியாதையை மீட்க எனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கூலரின் மேல் கை வைத்தேன்.

டெல்லிக் கூலரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஒரு தகரப் பெட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் புல் திண்டு, நடுவில் மின்விசிறி. ஒரு சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றித் திண்டுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். இந்த ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். தண்ணீர் ஆவியாகப் போகப்போக மிஞ்சும் தண்ணீர் உப்பாகி, நாறி, திண்டில் வெள்ளையாகப் படியும். கொசு வேறு முட்டையிடும். யாராவது அடிக்கடி தொட்டியைத் திறந்து காலி செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது, வேலையில்லாத நான்தான்.

நான் செய்தது இவ்வளவுதான். தொட்டிக்குள் ஒரு வளைந்த குழாயைப் பொருத்தினேன். மோட்டாரை நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் பழைய தண்ணீர் தானாகவே அந்தக் குழாய் வழியே வெளியேறிவிடும். பிறகு புதுத் தண்ணீர் நிரம்பிக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், கை வைக்க வேண்டாம். முதல் தடவை தண்ணீர் கடகடவென்று பால்கனிக் குழாயில் ஓடியபோது, ஆபீசிலிருந்த அகல்யாவை நான் போன் போட்டு அழைத்தேன். அவள் மீட்டிங்கில் இருந்தாள்.

எங்கள் செக்டரில் தமிழ் நண்பர்கள் மன்றம் என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, யாராவது ஒருவர் எதைப் பற்றியாவது பேசுவார். பிறகு தயிர்சாதம். அதன் செயலாளர் வைத்தி, ரயில்வே போர்டில் ரிடையர் ஆனவர். அந்த மாதம் பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று என்னிடம் வந்தார்.

"நீர் ஏதோ கூலர்ல வித்தை பண்ணிருக்கீராமே. அதையே பேசிடும். ஒரு புது சப்ஜெக்டா இருக்கட்டும்."

பேசினேன். கூலரையே மேடைக்குத் தூக்கி வரச் செய்து, ஓடவிட்டுக் காட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். பெரிய பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் இதைப் பார்த்தால் மூக்கின்மேல் விரல் வைப்பான் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. நடுவில் அகல்யா கூட்டத்திலிருந்து கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டாள். பேச்சின் வேகம் குறைந்துபோன எரிச்சலில் அவசரமாகப் பதில் சொல்லிவிட்டு, மறுபடி என் பெருமைக்குத் திரும்பினேன். வைத்தி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து அன்றைக்கே மன்றத்தின் யூடியூப் சேனலில் ஏற்றினார். நான் அந்த இணைப்பை எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். பழைய மேனேஜருக்குக்கூட.

இரண்டாம் ஆண்டில்தான் அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் வந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடு என்று முதல் பெஞ்சுக்கு இடம் மாறினேன். பாடம் எடுத்த பன்சால் சார் நிதானமான மனிதர். பேட்டன்ட் மனுவில் உயிர்நாடி க்ளெய்ம், அதாவது உரிமைக்கோரல்தான் என்றார். எது உன்னுடையது என்று வேலி போட்டுச் சொல்வது. ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு ஒரு கோரல் எழுதி வரச் சொன்னார். நான் என் கூலரை எழுதினேன். குழாயின் விட்டம், வளைவின் ஆரம், எத்தனை திருகு, எந்த ரக எஃகு, திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதுவரை. ஏழெட்டுப் பக்கம்.

சுபாஷிணி கேன்டீனில் உட்கார்ந்து அதைப் படித்தாள். படித்து முடித்து என்னைப் பார்த்த பார்வையில் ஒரு இரக்கம் இருந்தது.

"பையா, இந்தப் பைப் இருக்கில்ல, இத நான் கொஞ்சம் பெரிசா போட்டா?"

"போடலாம். வேலை செய்யும்."

"திருகுக்கு பதிலா ஃபெவிகால் போட்டு ஒட்டினா?"

"ஒட்டலாம்."

"அச்சா. அப்ப நான் பெரிய பைப்ப ஒட்டி வித்தா நீங்க என்ன ஒண்ணும் பண்ண முடியாது. இது க்ளெய்ம் இல்ல. செய்முறை விளக்கம். சமையல் குறிப்பு மாதிரி."

கோபம் வந்தது. அன்று சாயங்காலமே எல்லா அளவுகளையும் அடித்துவிட்டு, நீரைக்கொண்டு காற்றைக் குளிர்விக்கும் எந்தச் சாதனமும் என்னுடையதே என்கிற மாதிரி மாற்றி எழுதினேன். மறுநாள் பன்சால் சார் அதைப் படித்துவிட்டு, "மிஸ்டர் கதிரவன், மண்பானை இனி உங்களுக்குச் சொந்தம். மழைக்காலத் தென்றலையும் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள் போல" என்றார். வகுப்பு நெடுநேரம் சிரித்தது.

கடைசியில் சுபாஷிணியும் நானும் ஒன்றாக உட்கார்ந்து எழுதினோம். இந்தக் குழாய் இல்லாவிட்டால் என்ன ஆகும், வளைவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் பதில் சொல்லச் சொல்ல, தேவையில்லாததையெல்லாம் அடித்தாள். மிஞ்சியது நான்கு வரி. அந்த நான்கு வரியைப் படித்தபோதுதான் நான் என்ன கண்டுபிடித்தேன் என்பதே எனக்குப் புரிந்தது. பன்சால் சார் அதற்கு நல்ல மதிப்பெண் போட்டார். "இதை நிஜமாகவே பதிவு செய்யலாமே" என்றும் சொன்னார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. கரோல் பாக்கில் சேஷன் என்று ஒரு பேட்டன்ட் வக்கீல் இருக்கிறார், தங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அப்பாவின் நண்பர் என்று சுபாஷிணி அழைத்துப் போனாள். ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். சேஷன் சார் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என் நான்கு வரியைப் படித்தார்.

"பேஷா எழுதிருக்கேள். இதை யார்கிட்டயாவது காட்டினேளா?"

"யார்கிட்டயும் இல்லைங்க சார்."

சுபாஷிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் அந்த இணைப்பைப் பெற்றவள்.

"ஒரே ஒரு சின்னக் கூட்டத்தில பேசினேன்" என்றேன்.

"சின்னதுன்னா?"

"மன்றத்துக் கூட்டங்க சார். அப்புறம் அது யூடியூப்ல..."

சேஷன் சார் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். பிறகு கழற்றி மேசையில் வைத்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு அப்புறம் வந்து இது புதுசுன்னா, சட்டம் ஒத்துக்காதே. புதுமை போயிடுத்து. இதை வகுப்பில சொல்லித்தரலியா?"

சொல்லித்தந்திருந்தார்கள். இரண்டே வாரம் முன்னால். நான் அதை முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, அடிக்கோடும் போட்டிருந்தேன். அப்போது அது என் கூலருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சட்டம் என்றால் அது மற்றவர்களுக்கு நடப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஆனாலும் விடவில்லை. கற்றறிந்தோர் சங்கம் ஒன்றில் படிக்கப்பட்ட கட்டுரையானால் ஒரு வருடத்துக்குள் மனுப் போடலாம் என்று ஒரு விலக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க மன்றத்தையும் கற்றறிந்தோர் சங்கம்னு வாதாடலாங்களே சார்?"

"அங்க என்னென்ன பேசியிருக்கா?"

"போன மாசம் மூட்டுவலிக்கு என்ன சாப்பிடலாம்னு..."

"அச்சா. கூட்டம் முடிஞ்சதும்?"

"தயிர்சாதம்."

சேஷன் சார் சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பெருந்தன்மை. சுபாஷிணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின.

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்திருப்பார். "போறது போங்கோ. படிப்பு முடிஞ்சு என்ன பண்றதா உத்தேசம்?" என்றார்.

"பேட்டன்ட் ஏஜென்ட் பரீட்சை எழுதலாம்னு இருக்கறேனுங்க. அதுக்குத்தான் இன்ஜினியரிங்க விட்டுட்டு லா படிக்க வந்தேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பரீட்சைக்கு லா டிகிரி வேண்டாமே. பி.இ. இருந்தா போறும். நீங்க வேலையில இருந்துண்டே எழுதிருக்கலாம்."

நான் என் நான்கு வரியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நான் எழுத முடியுமா அங்கிள்?" என்று சுபாஷிணி கேட்டாள்.

"உன்னால முடியாதும்மா. சயின்சோ இன்ஜினியரிங்கோ படிச்சிருக்கணும். நீ ஹிஸ்டரி."

"அதாவது கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வர்ற நான் எழுத முடியாது. ஜஸ்ட் பாஸ் ஆகற பையா லா படிக்காமயே எழுதிருக்கலாம்."

"அப்படித்தான்" என்றார் சேஷன் சார்.

ஒரு கல்லூரியில் சேருமுன் விதிமுறையைப் படிக்காதவன் சட்டம் படித்து என்ன ஆகப்போகிறான் என்ற கேள்வியோடு நான் மெட்ரோவில் வீட்டுக்கு வந்தேன். அகல்யாவிடம் இரண்டையும் சொன்னேன். கூலர் போனதற்கு அவள் வருத்தப்பட்டாள். பரீட்சை விஷயத்தைச் சொன்னபோது வெங்காயம் நறுக்குவதிலேயே கண்ணாக இருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீங்க சேர்ந்த மாசமே வெப்சைட்ல பாத்தேனுங்க."

"சொல்லியிருக்கலாமில்ல."

"ஃபரீதாபாத் போயிட்டு வந்துட்டு இருந்தப்ப நீங்க ராத்திரி சாப்பாட்டுல ஒரு வார்த்தை பேசமாட்டீங்க. இதுல சேந்ததுல இருந்து ஓயாம பேசறீங்க. பாதி தப்பாத்தான் பேசறீங்க. ஆனா பேசறீங்கள்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "நிறுத்திருவீங்களோன்னுதான் சொல்லலை."

மீதி வெங்காயத்தை நான் நறுக்கினேன்.

சேஷன் சார் என்னைப் பயிற்சிக்கு வரச் சொன்னார். பரிதாபப்பட்டுத்தான். கூடவே சுபாஷிணியையும். அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலை, வெளியான பேட்டன்ட் மனுக்களைத் தேடிப் படிப்பது. நான் இயல்பாகவே கூலர் என்று தேடினேன். சொறிந்த இடத்தையே சொறிகிற புத்தி. ஒரு பெரிய வீட்டுச் சாதனக் கம்பெனியின் மனு கண்ணில் பட்டது. படித்தேன். தொட்டிக்குள் வளைந்த குழாய். மோட்டார் நின்றதும் பழைய நீர் தானாக வெளியேறும். அவர்கள் மனுப் போட்ட தேதி, என் காணொளி ஏறி நான்கு மாதம் கழித்து.

எழுந்து போய் சேஷன் சார் முன்னால் நின்றேன். "திருடிட்டாங்க சார்" என்றேன்.

"திருடினாளோ, தானா யோசிச்சாளோ, அது நமக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்." அவர் கண்ணில் முதல் தடவையாக ஒரு மினுக்கம். "உம்மோட வீடியோ உமக்குப் பேட்டன்ட் கிடைக்காம பண்ணித்து இல்லையா? அதே வீடியோ அவாளுக்கும் கிடைக்காம பண்ணும். எதிர்மனு யார் வேணும்னாலும் போடலாம்."

இந்தப் பேட்டன்ட் கிடைத்துவிட்டால் டெல்லியில் தகரக் கூலர் செய்கிறவர்கள் யாரும் அந்தக் குழாயைத் தொட முடியாது. எங்கள் செக்டரிலேயே அதற்குள் பத்துப் பதினைந்து வீட்டில் என் குழாயைப் போட்டிருந்தார்கள். மன்றத்துக் கூட்டம் ஒன்றும் வீண் போகவில்லை. எதிர்மனு என் பெயரில் போனது. வக்கீல் ஆக வந்தவன், கட்சிக்காரன் ஆனேன்.

காணொளி தமிழில் இருந்ததால் அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தாக்கல் செய்ய வேண்டும். சுபாஷிணி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் சில வருடம் தமிழ் படித்தவள். நான் செய்கிறேன் என்று முன்வந்தாள். சொல்லுக்குச் சொல் நேர்மையாக இருக்க வேண்டும் என்று சேஷன் சார் சொன்னதை அவள் ரொம்பவும் நேராக எடுத்துக்கொண்டாள். நான் தாக்கல் ஆகுமுன் அதைப் படித்துப் பார்த்திருக்கலாம். என் பேச்சை நானே மறுபடி படிக்கும் துணிச்சல் இல்லை.

விசாரணை பல மாதம் கழித்து, நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது வந்தது. இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே முடித்துவிடுகிறார்கள். சேஷன் சார் நேரில் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார். துவாரகாவில் பேட்டன்ட் அலுவலகம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய அதிகாரி, கன்ட்ரோலர் அம்மையார், அமைதியாக எங்களை உட்காரச் சொன்னார். எதிர்ப்பக்கம் கம்பெனியின் வக்கீலும், அவருக்குப் பின்னால் ஒரு ஒல்லியான இளைஞனும். மனுவில் கண்டுபிடித்தவர் என்று போட்டிருந்த ப்ரணவ் அவன்தான் என்று பிறகு தெரிந்தது.

கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். வெறுமனே கூலரைக் காட்டினால் போதாது என்றார். பார்க்கிற ஒரு தொழில்நுட்பக்காரர் அதைத் தானே செய்யும் அளவுக்கு விளக்கியிருக்க வேண்டும், இந்தக் காணொளியில் பாதி நேரம் படம் ஆடுகிறது, மீதி நேரம் ஒரு பெரியவரின் தலை மறைக்கிறது, பேச்சிலோ விஷயமே இல்லை என்று சொல்லி மொழிபெயர்ப்பை எடுத்தார். படித்தார். "எனக்கு முன்னால் இந்த நாட்டில் இதை யாரும் யோசித்ததில்லை. நான் சின்ன வயதிலேயே இப்படித்தான். என் பழைய கம்பெனிக்கு என் அருமை தெரியவில்லை." ஒவ்வொரு வரியையும் நல்ல ஆங்கில உச்சரிப்பில், நிதானமாக. ஒரு அரசு அலுவலகத்தில், அரசாங்க ஆவணமாக.

பிறகு ஒரு வரியில் நிறுத்தினார். "பெரிய கம்பெனி மனிதன் தன் மூக்கின் மேல் ஒரு விரலை வைப்பான். இது செய்முறையில் எந்தக் கட்டம் என்று எதிர்மனுதாரர் விளக்குவாரா?"

சேஷன் சார் இருமினார். சுபாஷிணி கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். கன்ட்ரோலர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, அது ஆச்சரியப்படுவதற்கு எங்கள் ஊரில் சொல்வது என்றேன். "செய்முறையில் விரலுக்கு வேலை இல்லை, மேடம்."

"குறித்துக்கொள்கிறேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு சேஷன் சார் எழுந்தார். மொழிபெயர்ப்பின் பின்பகுதிக்குப் போகச் சொன்னார். அங்கே கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்கிறது: மோட்டார் ஓடும்போதே தண்ணீர் அந்தக் குழாயில் ஏன் போய்விடாது? நான் பதில் சொல்கிறேன். ஓடும்போது தண்ணீரில் ஒரு பங்கு மேலே திண்டுகளில் இருக்கும், தொட்டியில் மட்டம் குழாயின் வளைவுக்குக் கீழேயே நிற்கும். மோட்டாரை நிறுத்தினால் திண்டில் இருப்பதெல்லாம் வடிந்து இறங்கும், மட்டம் வளைவைத் தாண்டும், தாண்டிய உடனே குழாய் மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போகும். வளைவை இந்த இரண்டு மட்டத்துக்கும் நடுவில் வைத்தால் போதும்.

"இவ்வளவுதான் மேடம்" என்றார் சேஷன் சார். "அவர்களுடைய முதல் கோரலும் இவ்வளவுதான். அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்."

கன்ட்ரோலர் அந்தப் பகுதியை இரண்டு தடவை படித்தார். என் முழுப் பேச்சிலும் உருப்படியான இடம் அது ஒன்றுதான் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதையும் நானாகச் சொல்லவில்லை. கேட்டதால் சொன்னேன், அதுவும் எரிச்சலோடு.

வெளியே வந்து டீ குடிக்க நின்றபோது ப்ரணவ் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். இந்தியில் பேசினான்.

"சார், நான் உங்கள் வீடியோவைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தமிழும் தெரியாது."

நம்பினேன். அவன் முகம் அப்படி இருந்தது. இந்தூரில் தன் வீட்டுக் கூலரைக் கழுவிக் கழுவி அலுத்துப்போய் யோசித்தது என்றான். அவன் பெயரில் வந்த முதல் பேட்டன்ட் மனு. அம்மா உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாளாம்.

ஜெயிக்கப்போகிறோம் என்று மாடியிலிருந்து மிதந்து வந்த நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். இவனும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பான். தண்ணீர் கடகடவென்று ஓடியதும் யாரையாவது போனில் அழைத்திருப்பான்.

"உன் குழாயில் பாசி அடைக்கிறதா?" என்று கேட்டேன்.

"அடைக்கிறது சார். வாயில் வலை போட்டுப் பார்த்தேன்."

"வலை போட்டால் இழுவை குறையுமே."

"வாயை அகலமாக்கி, புனல் மாதிரி." கையால் காற்றில் வரைந்து காட்டினான். எனக்கு அது தோன்றவே இல்லை. நல்ல யோசனை. இரண்டு பேரும் ஒரு டீக்கடைச் சுவரில் விரலால் கோடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். கம்பெனி வக்கீல் காரிலிருந்து ஹாரன் அடிக்கச் சொன்ன பிறகுதான் அவன் போனான். சேஷன் சார் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"எதிர்க்கட்சிக்காரன்கிட்ட கொஞ்சிண்டு நிக்கறேளே ஓய்" என்றார்.

"நல்ல பையன் சார்" என்றேன்.

"உங்கள மாதிரியே" என்றாள் சுபாஷிணி. பாராட்டா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

அவளுக்கு அதற்குள் சேஷன் சார் தன் அலுவலகத்திலேயே இடம் கொடுத்துவிட்டார். நீதிமன்ற வேலைக்கு அவள்தான் சரி என்றார். எனக்கும் இடம் உண்டு, பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வில் தேறிவிட்டு வந்தால். அந்த பி.இ. மட்டும் போதும் என்கிற தேர்வில்.

தீர்ப்பு ஜூலையில் வந்தது. கம்பெனியின் மனு நிராகரிக்கப்பட்டது. அன்று டெல்லியில் மழை. மழை வந்துவிட்டால் காற்றில் ஈரம் ஏறிவிடும், எந்தக் கூலரும் வேலை செய்யாது. நாங்கள் மின்விசிறிக்குக் கீழே புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அகல்யா ஆபீஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உத்தரவை வரி வரியாகப் படித்தாள். நல்லா எழுதியிருக்காங்க என்றாள். ஒரு இடத்தில் பத்தி எண் தவறு என்றாள். பிறகு ஒரு வரியில் நின்றாள்.

"பார்வையாளர்களில் இருந்த, அடையாளம் தெரியாத ஒரு பெண் எழுப்பிய கேள்விக்குப் பதிலாக..." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அடையாளம் தெரியாத பெண்ணாமா?"

"சேஷன் சார்கிட்ட சொல்லித் திருத்தம் கேக்கலாமா?"

"வேண்டாமுங்க. இருக்கட்டும்." காகிதங்களை ஒழுங்காக அடுக்கி, மூலையில் கிளிப் போட்டாள். நெற்றி வியர்வையைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு பால்கனியில் சும்மா நின்ற கூலரைப் பார்த்தாள். பிறகு ரொம்பவும் மரியாதையாகக் கேட்டாள்.

"வர்ற வருசம் ஒரு ஏ.சி. வாங்கிக்கலாங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.